நிறுத்தத் தெரிந்த பேண்டு

1

கோயமுத்தூரிலிருந்து யார் கடிதம் எழுதினாலும் கடைசி வரியில், "பேண்டு என்ன ஆச்சு?" என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத எனக்குக் கை ஓடாது. ஆகவே எல்லோரும் படிக்கும்படி இந்த ஒரே கடிதத்தில் எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். பெருமை கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் அதைத் திருத்த வேண்டாம். அது தெரிந்தே எழுதியது.

மலாய் நாட்டுக்கு வந்து ஆறு வருஷமாகிறது. கப்பலேறும்போது நானும் என் மைத்துனன் ராயப்பனும் துணி மூட்டையோடு ஆளுக்கொரு வாத்தியமும் கொண்டுவந்தோம். என்னுடையது சைடு டிரம். அவனுடையது யூபோனியம், பிள்ளையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்து ஊதுகிற பித்தளை வாத்தியம். துறைமுகத்தில் சுங்க அதிகாரி அதன் வாய்க்குள் முழங்கை வரை கையைவிட்டுத் துழாவிப் பார்த்து, "உள்ளே என்ன?" என்று கேட்டார். "காத்துங்க" என்றான் ராயப்பன். அதற்காக எங்களை ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க வைத்தார்கள்.

நாங்கள் வேலை செய்வது ரயில் பட்டறையில். இந்த ஊரில் சின்னதாக ஒரு மாதா கோயில் உண்டு. வருஷா வருஷம் திருவிழா ஊர்வலத்துக்கு வெளியூரிலிருந்து மணிலாக்காரர் பேண்டு வரும். வெள்ளைச் சட்டை, தங்கப் பொத்தான், நல்ல வாசிப்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஐந்து வருஷம் அவர்களுக்குப் பின்னால் மெழுகுதிரி பிடித்துக்கொண்டு நடந்தபோது ராயப்பனுடைய விரல்கள் மெழுகுதிரியின் மேலேயே யூபோனியம் வாசித்துக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பட்டறையிலும் பக்கத்துத் தோட்டங்களிலும் நம் பக்கத்து ஆட்களைத் தேடித் தேடி ஒன்பது பேர் சேர்ந்தோம். இரண்டு வருஷம் ஞாயிறு தோறும் கோயில் மதிலுக்குள்ளேயே பழகினோம். இந்த வருஷம் சுவாமியாரிடம் போய்க் கேட்டோம். அவர் பிரெஞ்சுக்காரர், நல்ல மனிதர். "போலீஸ் அனுமதி வாங்கி வாருங்கள். சனிக்கிழமை மதியத்துக்குள் தாள் என் மேஜைக்கு வந்தால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள். வராவிட்டால் மணிலாக்காரருக்குத் தந்தி" என்றார்.

இங்கே சத்தத்தோடு தெருவில் போக வேண்டுமானால் ஒரு விண்ணப்பத் தாள் பூர்த்தி செய்ய வேண்டும். எந்தத் தெரு, எத்தனை பேர், எத்தனை மணி என்று கேட்டுவிட்டுக் கடைசியில், "வாத்தியம் நிறுத்தப்படும் இடங்கள்" என்று ஒரு கட்டம். நான் சொல்லச் சொல்ல என் மகள் பிலோமினா இங்கிலீஷில் எழுதினாள். ஏழு இடங்கள் சொன்னேன். கட்டம் போதாமல் தாளின் பின்புறத்துக்குப் போனாள்.

"ஏனுங்கப்பா இத்தனை? எங்க கான்வென்ட் பேண்டு எங்கேயுமே நிறுத்தாதே" என்றாள்.

"அதுதான் அதுல குறைங்க அம்மணி" என்றேன்.

செவ்வாய்க்கிழமை தாளைக் கொடுத்தேன். புதன்கிழமை கூப்பிட்டுவிட்டார்கள். போலீஸ் கச்சேரியில் குமாஸ்தா யாழ்ப்பாணத்துக்காரர். என் விண்ணப்பத்தின் மேல் சிவப்புப் பென்சில் ஓடியிருந்தது.

"என்ன ஐயா இது? இந்தக் கட்டத்திலை எல்லாரும் 'இல்லை' எண்டுதான் எழுதுறவை. நீர் ஏழு இடம் எழுதியிருக்கிறீர். ஏழு இடத்திலை சண்டை வரப்போகுது எண்டு துரை நினைக்கிறார்."

"சண்டைங்களா? அய்யய்யோ, அது மரியாதைங்க."

"மரியாதைக்கு இதிலை கட்டம் இல்லை, விளங்குதோ?"

2

மரியாதைக்குக் கட்டம் இல்லாத ஊரில் இருந்துகொண்டு, நம் ஊர் பேண்டு நின்று நின்று போன விதத்தை இங்கே சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது.

பைக்காரா கரண்டு வந்து மில்கள் ராப்பகலாக ஓட ஆரம்பித்த காலம். எங்கள் பேண்டில் பதினோரு பேர், அதில் எட்டுப் பேர் மில் ஆட்கள். ஞானஸ்நானமா, புது வீடு மந்திரிப்பா, கிறிஸ்துமஸ் பஜனையா, அடக்கமா, எங்கள் கார்னெட் ஊதாமல் எதுவும் நடக்காது. கோயிலோடு நிற்கவில்லை. முனிசிபல் பள்ளிக்கூடத்து விளையாட்டு விழாவுக்கு நாங்கள்தான். சூலூர்ப் பக்கம் கவுண்டர் வீட்டுக் கல்யாணங்களுக்கு, "நாயனமும் இருக்குதுங்க, நீங்களும் வந்துபோடுங்க" என்று வண்டி அனுப்புவார்கள். மாப்பிள்ளை அழைப்பு எங்களுடையது. தாலி கட்டும் நேரம் கெட்டிமேளத்துடையது. அந்த நேரம் நெருங்கினால் நாங்கள் வாத்தியத்தை இறக்கிவைத்துவிட்டுக் கைகட்டி நிற்போம். நாயனக்காரர்கள் தலையசைத்து அதை ஏற்றுக்கொள்வார்கள். இரண்டு பக்கமும் சந்தோஷம்.

நிறுத்துகிற பழக்கம் ஆரம்பித்தது மில் லைன் வீடுகளில். தேர் பவனி போகிற வழியில் வரிசையாக வீடுகள். அவற்றுள் ராத்திரி ஷிப்டு முடித்த ஆட்கள் பகலில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தூக்கம் கெட்டால் மறு ராத்திரி மிஷினில் விரல் போகும். இது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் கார்னெட்காரர் அருளப்பனுக்கே இடது கையில் ஒரு விரல் பாதிதான். அவர்தான் முதலில் கார்னெட்டை இறக்கினார், மற்றவர்களும் இறக்கினோம். சத்தமில்லாமல் போனால் நடை கலைந்துவிடுமே? நான் டிரம் தோலை விட்டுவிட்டு அதன் மர விளிம்பில் குச்சியால் மெல்ல, டக், டக் என்று தட்டினேன். அந்தச் சத்தத்தில் இருபத்திரண்டு கால்களும் ஒன்றாகப் போயின. லைன் தாண்டியதும் எங்கே விட்டோமோ அதே அடியில் பதினோரு பேரும் சேர்ந்து எடுத்தோம்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. ஆஸ்பத்திரி, பள்ளிவாசல், பிள்ளை பெற்ற வீடு, சாவு வீடு, எல்லாவற்றுக்கும் நிறுத்துவோம். ஒரே மூச்சில் நிற்க வேண்டும்; ஒரு சுரம் கூடப் பின்தங்கி ஒலிக்கக்கூடாது. பின்தங்கியவன் அன்றைக்குப் பெரிய டிரம்மைக் கோயில் வரை தலையில் சுமக்க வேண்டும். கிளாரினெட் தாவீதுக்கு அந்த டிரம்மோடு அவ்வளவு பழக்கம், அவன் மனைவி அதற்குச் சும்மாடே தைத்துக் கொடுத்துவிட்டாள்.

கோட்டைமேட்டில் காசிம் ராவுத்தர் என்று தோல் வியாபாரி ஒருவர் இருந்தார். எங்கள் டிரம்களுக்கெல்லாம் தோல் அவர் கொடுத்ததுதான். அவர் வீடு பள்ளிவாசலிலிருந்து நாலு வீடு தள்ளி. நாங்கள் அதையும் சேர்த்து மௌனமாகவே கடந்துவிடுவோம். ஒரு வருஷம் மனிதர் தெருவில் குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க அருளப்பா, உங்களுக்கும் எனக்கும் ஏதாச்சும் மனஸ்தாபமுங்களா?"

"அப்பிடி ஒண்ணுமில்லீங்களே பாய்!"

"பின்ன என்ற ஊட்டு முன்னால மட்டும் ஏன் ஊமையாப் போறீங்க? பள்ளிவாசலுக்கு நிறுத்துனீங்க, சந்தோஷம். இது என்ற ஊடு. நான் கொடுத்த தோலு எப்பிடிப் பேசுதுன்னு நான் கேக்க வேண்டாமுங்களா?"

அன்றைக்கு அவர் வீட்டு வாசலில் இரண்டு உருப்படி வாசித்தோம். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பெரிய டிரம்மு நம்ம ஆடு, சின்னது நம்மளுது இல்லை" என்றார். சரியாகத்தான் சொன்னார். என் சைடு டிரம்முக்கு அந்த வருஷம் தோல் வேறு இடத்தில் வாங்கியிருந்தேன்.

எந்த செட்டும் வாசிக்கும். நிறுத்தத் தெரிந்த செட் எங்களுடையது ஒன்றுதான் என்று காரமடையிலிருந்து சத்தியமங்கலம் வரை பேர்.

3

இனி இங்கத்துக் கதை. குமாஸ்தா நல்ல எண்ணத்தோடு ஒரு வழி சொன்னார்: இந்தத் தாளைக் கிழித்துப்போட்டு, புதுத் தாளில் 'இல்லை' என்று ஒரே வார்த்தை எழுதினால் அன்று மாலையே அனுமதி. ஆனால் அப்படி எழுதினால் எங்கேயும் நிற்கக் கூடாது. கூடவே ஒரு கான்ஸ்டபிள் வந்து நாற்பது நிமிஷத்தில் ஊர்வலத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். ஏழு இடமும் வேண்டுமென்றால் ஏழு இடத்திலிருந்தும் 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை' என்று கடிதம் கொண்டுவர வேண்டும். சனிக்கிழமை காலை வரைக்கும்தான்.

வீட்டில் ராயப்பன் குதித்தான்.

"'இல்லை'ன்னு எழுதிப்போடுங்க மாமா! ஆறு வருஷங்க! பொறகு கேட்டா, இல்லைன்னு எழுதினது நீங்கதான், நான் இல்லைன்னு சொல்லிப்போடறேன்."

"எழுதிட்டு பள்ளிவாசல் முன்னால ஊதிக்கிட்டே போவியா மாப்ளே?"

"நானா போறேன்? போலீஸு தள்ளிக்கிட்டுப் போவுது."

"அப்போ அது நம்ம பேண்டு இல்லை. போலீஸ் பேண்டு."

"அட, ஏதோ ஒரு பேண்டுங்க! எனக்கு வயசு நாப்பத்தொண்ணு. அடுத்த வருஷம் இந்தப் பல்லு இருக்குதோ என்னமோ. பல்லு போனா யூபோனியமும் போச்சு."

அவன் சொன்னது வேடிக்கையில்லை. அவனுக்கு முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு அவன் எழுந்து வெளியே போய்விட்டான். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில், தம்பி பக்கம்தான் நியாயம் என்று இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போடுகிறவன் நான். ஏழு வாசலுக்கும் போய்க் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

4

பிலோமினாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்குப் பதினைந்து வயது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் பாதி இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். கடைத்தெருவில் மலாய் மொழி தண்ணீர் மாதிரி வரும். எனக்கோ மலாயிலும் நம் ஊர் வந்து ஒட்டிக்கொள்ளும். நன்றி சொல்ல "தெரிமா காசி" என்றால் போதும். நான் "தெரிமா காசிங்க" என்பேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

முதலில் பள்ளிவாசல். அதைக் கவனித்துக்கொள்ளும் லெபை மலாய்க்காரர், மெலிந்த மனிதர், என் வயதுதான் இருக்கும். பிலோமினா விஷயத்தைச் சொன்னாள். அவர் கேட்டார்: "நிறுத்தச் சொல்லி உங்களிடம் யார் கேட்டது?"

"யாரும் கேட்கவில்லை."

"நான் புகார் கொடுத்தேனா?"

"இல்லை."

"அப்படியானால் நான் எதற்குக் கடிதம் எழுத வேண்டும்? 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதினால், முன்னே ஆட்சேபணை இருந்தது என்று ஆகிவிடாதா? என் பெயர் எதற்குப் போலீஸ் புத்தகத்தில் சண்டைக்காரனாக இருக்க வேண்டும்?"

நியாயம்தானே! நான் தெரிமா காசிங்க சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மாரியம்மன் கோயில் பூசாரியும் அதையே சொன்னார். சீனர் கோயிலில் எங்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள், கடிதம் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் மேலதிகாரியைக் கேட்க வேண்டும், அவர் ஊரில் இல்லை. பட்டறையில் ராத்திரி வேலை செய்கிறவர்களின் லைன் வீடுகளில், "நீங்க நிறுத்துவீங்கன்னு நம்பித்தானே தூங்கப்போறோம், இதுக்கு என்ன காயிதம்?" என்றார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் தையற்காரர் குழந்தையையே தூக்கிக் கொண்டுவந்து காட்டினார். ஏழாவது கள்ளுக்கடை. உள்ளதைச் சொல்கிறேன், அங்கே நிறுத்துவது மரியாதைக்கில்லை. வாசித்துக்கொண்டே போனால் உள்ளே இருக்கிறவர்கள் ஆடிக்கொண்டு கூடவே மாதா கோயில் வரைக்கும் வந்துவிடுவார்கள். கடை மேனேஜர், "நிறுத்துங்கள், நிறுத்துங்கள், என் வாடிக்கையை எங்கே கொண்டுபோகிறீர்கள்?" என்றார். ஆனால் அவரும் எழுதித் தரவில்லை.

வெள்ளிக்கிழமை வரை ஒரு கடிதமும் இல்லை. பிலோமினா என்னோடு திரும்பி நடக்கும்போது, "எல்லோரும் உங்களை விரும்புகிறார்கள், ஒருவரும் எழுதித் தர மாட்டேன் என்கிறார்கள். இது என்னங்கப்பா ஊர்?" என்றாள். அவள் முழுசாகத் தமிழில் பேசியது அன்றைக்கு அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அவளே நின்றாள். "எழுதத்தானே மாட்டார்கள்? வந்து சொல்வார்களா?" என்றாள். நான் யோசிப்பதற்குள் அவள் பள்ளிவாசலுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

சனிக்கிழமை காலையில் போலீஸ் கச்சேரி வாசலில் லெபை வந்து நின்றார். அவர் வருகிறார் என்று கேள்விப்பட்டுப் பூசாரி வந்தார். சீனர் கோயிலிலிருந்து இரண்டு பேர். தையற்காரர் குழந்தையில்லாமல் வந்தார். லைன் வீட்டு ஆட்கள் ராத்திரி வேலை முடிந்து கண் சிவக்க, கையில் எண்ணெய்க் கறையோடு பத்துப் பேர். ஜன்னல் வழியாகப் பார்த்த துரை தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். குமாஸ்தா என் காதில், "பார்த்தீரோ, சண்டை எண்டு துரை சொன்னது சரியாய்ப் போச்சு" என்றார்.

துரை லெபையிடம் கேட்டார்: "உன் புகார் என்ன?"

பிலோமினாதான் இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னாள்.

"என் புகார் ஒன்றுதான்" என்றார் லெபை. "இவர்கள் தாங்களாகவே நின்று போகிறோம் என்கிறார்கள். நீங்கள் போகவே விடமாட்டேன் என்கிறீர்கள்."

துரை ஒவ்வொருவராகக் கேட்டார்; வராத ஆஸ்பத்திரியையும் கள்ளுக்கடையையும் கணக்கில் எடுக்கவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு பாஷையில் அதையே சொன்னார்கள். லைன் ஆள் ஒருவர், "சீக்கிரம் எழுதிக் குடுங்க துரை, தூக்கம் வருது" என்றார். பிலோமினா அதையும் விடாமல் சொன்னாள். துரை சிரித்தாரா இல்லையா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, மீசை மட்டும் அசைந்தது. உள்ளே போனார். பதினொன்றரை மணிக்குத் தாள் வந்தது. முத்திரை போட்டு எழுதியிருந்தது: விண்ணப்பத்தில் கண்ட ஏழு இடங்களிலும் வாத்தியம் கட்டாயம் நிறுத்தப்பட வேண்டும், வேறு எந்த இடத்திலும் நிறுத்தக் கூடாது.

ராயப்பன் அதைக் கேட்டுவிட்டு என் தோளைப் பிடித்துக் குலுக்கினான். "மாமா! நம்மூர் மரியாதைக்கு ராஜா முத்திரைங்க! இனி தாவீது மாதிரி எவனாச்சும் பின்னால ஒரு சுரம் விட்டா டிரம்மு சொமக்க வேண்டாம், நேரா ஜெயிலுக்கே போயிரலாம்!"

5

ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். எங்களுக்குத் தங்கப் பொத்தான் இல்லை. மனைவிமார் தைத்த நீலச் சட்டைதான். எப்படி வாசித்தோம் என்று நானே சொல்லக்கூடாது. ஆனால் மூன்றாவது தெரு திரும்பியபோது சுவாமியார் திரும்பிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அது மணிலாக்காரருக்கு ஐந்து வருஷத்தில் ஒரு தடவையும் கிடைக்காதது. பள்ளிவாசலில் ஒரே மூச்சில் நின்றோம். லெபை படியில் நின்று நெஞ்சில் கை வைத்தார். கள்ளுக்கடையில் மேனேஜர் கதவையே சாத்திவிட்டார். ஏழு இடமும் சரியாக முடிந்தது. ஒரு சுரம் கூடப் பின்தங்கவில்லை. கூடவே வந்த மலாய்க் கான்ஸ்டபிள் ஒவ்வொன்றையும் சின்னப் புத்தகத்தில் குறித்துக்கொண்டு வந்தார்.

கோயிலுக்கு இன்னும் ஒரு தெருதான். ராயப்பன் கண்ணை மூடி ஊதிக்கொண்டிருந்தான். தெருக் கோடியில் ஒரு பலகை வீடு. ரிக்‌ஷா இழுக்கிற சீனர் குடும்பம் என்று பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டோம். வாசலில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. ஒரு பெண் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். காலையில் அந்தத் துணி அங்கே இல்லை.

எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தத் தாள்தான். வேறு எந்த இடத்திலும் நிறுத்தக் கூடாது. அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம், எல்லாம் அந்த முத்திரையில் இருக்கிறது. குச்சி தோலின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், நான் நிறுத்தவில்லை.

யூபோனியம் நின்றது.

ராயப்பன் கண்ணைத் திறந்திருந்தான்; அதை மார்பிலிருந்து இறக்கிவிட்டான். அதற்குப் பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை, ஒன்பது பேரும் வாத்தியத்தை நிறுத்திவிட்டோம். நான் விளிம்புக்கு மாறினேன். டக், டக். கான்ஸ்டபிள் ஓடிவந்து, "வாசியுங்கள், வாசியுங்கள், இது தாளில் இல்லை!" என்று கையை வீசினார். ராயப்பன் அவரிடம் தமிழில், "சாவுங்க" என்றான். அவருக்கு அந்த வார்த்தை புரிந்திருக்காது. ஆனால் அவன் காட்டின பக்கம் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டு கூடவே நடந்தார். புத்தகத்தில் மட்டும் குறித்துக்கொண்டார். அது அவர் வேலை.

கோயில் முற்றத்தில் ராயப்பனிடம், "ஏன் மாப்ளே, ஏதோ ஒரு பேண்டு போதும்னு சொன்னவன்தானே நீ?" என்று கேட்டேன்.

"ஊதறதுக்கு முன்னால சொன்னதுங்க அது" என்றான்.

6

நேற்று போலீஸ் கச்சேரியிலிருந்து கடிதம் வந்தது. அனுமதிக்கப்படாத ஓர் இடத்தில் வாத்தியத்தை நிறுத்தியதற்குக் காரணம் எழுதித் தர வேண்டும். பதிலைப் பார்த்துத்தான் இனிமேல் அனுமதி கொடுப்பதா என்று யோசிப்பார்களாம். வாசித்ததற்கு விளக்கம் கேட்ட போலீஸைப் பார்த்திருப்பீர்கள். வாசிக்காததற்கு விளக்கம் கேட்கப்பட்ட பேண்டு உலகத்திலேயே நாம்தான் என்று நினைக்கிறேன்.

பிலோமினா பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மன்னிப்பு, பணிவு, மேன்மைதங்கிய என்று நான் ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டே ஒரே ஒரு வரி எழுதினாள். என்னவென்று கேட்டேன். "அந்த வீட்டில் ஒருவர் இறந்துபோயிருந்தார்" என்று தமிழில் சொன்னாள்.

"போதுமா அம்மணி?"

"போதுங்கப்பா." பேனாவை மூடாமலே கேட்டாள்: "அடுத்த வருஷமும் இப்படி ஒரு வீடு வந்தால்?"

நான் ராயப்பனைப் பார்த்தேன். அவன் ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிக்கொண்டு, "நிக்கத்தானுங்க வேணும், கண்ணு" என்றான்.

"அப்போ அதையும் எழுதிடறேன்" என்றாள்.

எழுதினால் அனுமதி கிடைக்காமல் போகலாம் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஒருவரும் அவளைத் தடுக்கவில்லை. ஒன்பது பேரிடமும் கையெழுத்து வாங்கியாகிவிட்டது; எழுதத் தெரியாத இரண்டு பேர் பெருவிரல் வைத்திருக்கிறார்கள். நாளைக் காலை பட்டறைக்குப் போகிற வழியில், நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, நானே கொண்டுபோய் அந்தக் குமாஸ்தாவின் கையில் கொடுக்கப்போகிறேன்.